மெஷின் சொன்ன கண்ணாடி

9 ஜூன் 2025, திங்கள்

இன்று காலை, நெடிய ஆலோசனைக்குப் பிறகு, என் கண்ணாடி விஷயத்தில் என் அபிப்பிராயத்தைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன். இதன் விளைவுகள் வெகுதூரம் போகும் என்று நினைக்கிறேன். தேதியோடு எழுதி வைப்பது நல்லது.

மகள் ஷைஜா மார்த்தாண்டத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிப்பவளாக இருக்கிறாள். அவளிடம் போயிருந்தேன். முதலில் ஒரு மெஷினில் தாடையைப் பொருத்தி, சாலை முடியும் இடத்தில் நிற்கும் பலூனைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். மெஷின் ஒரு சீட்டில் எண்களைத் துப்பியது. முடிந்தது என்று எழுந்தால், முடியவில்லையாம். மூக்கில் ஒரு கனத்த சட்டத்தை மாட்டி, கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதா, இதா? எது தெளிவு?" என்று கேட்கத் தொடங்கினாள்.

"மெஷின் என்ன சொல்லுது?"

"மெஷின் தொடங்கி வைக்கும்பா. மிச்சத்த நீங்கதான் சொல்லணும்."

"நான் ப்ளஸ் டூவுக்கு கணக்கு நடத்தினவன். விடை இதா, இதா, உனக்கு எது பிடிச்சிருக்குன்னு பயலுவகிட்ட கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"இது விடை இல்லப்பா. கண்ணு."

வரிசையில் இருந்த யாரோ சிரித்தார்கள். நான் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மெஷின் தந்த சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு தக்கலைக்கு வந்தேன். அங்கே ஒரு கடையில் அதன்படியே கண்ணாடி போடக் கொடுத்தேன். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

வீட்டில் நேசபாய், "உங்க கண்ணு உங்களுக்கு தெரியாதா?" என்றாள். மனைவி என்ற முறையில் அவளுக்குக் கேட்க உரிமை உண்டு. என் கண்ணுக்கு என்ன தோன்றுகிறது என்பதை நம்பித்தானே இத்தனை வருடம் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று விளக்கினேன்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒரு வாக்கியத்தை 'எனக்குத் தோணுது' என்று யாரும் தொடங்கலாம். ஆனால் 'ஏனென்றால்' போட்டுத்தான் முடிக்க வேண்டும். ஷைஜா பால்வாடி வயதிலிருந்தே இதைப் பழகியவள். நேசபாய் அப்படி முடிப்பதைவிடத் தொடங்காமல் இருப்பதே எளிது என்று கண்டு, அநேகமாகத் தொடங்குவதில்லை. அதை உடன்பாடு என்று எடுத்துக்கொள்கிறேன்.

12 ஜூன், வியாழன்

கண்ணாடி வந்துவிட்டது. முன்னறைத் தரை கிழக்கே சரிந்திருப்பதுபோல் தெரிகிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சரியவில்லை.

தலைவலி இல்லை. தலைவலி இருப்பதுபோல் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

15 ஜூன், ஞாயிறு

ஊர் முழுவதும் ஆராதனைக்குப் போகும் நேரத்தில் குமாரதாஸ் வந்தார். குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடை வைத்திருப்பவர். ஞாயிறு காலைதோறும் என்னோடு வாதம் செய்வது அவருக்கு வழக்கம். நான் சபைப் பட்டியலில் பெயரை மட்டும் விட்டுவிட்டு ஆளை வெளியே எடுத்தவன்; பதினெட்டு வருடமாயிற்று.

எனக்கு, அறிவு என்றால் இரணியலிலும் மஸ்கட்டிலும் ஒன்றுதான். அவருக்கு, அவரவர் உண்மை அவரவருக்கு.

"ஓய், கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான், செரி. பல்லுவலி ஒம்ம பல்லுலதானே? நான் எப்பிடி அளக்க?"

"உம்ம கடைக்கு ஒருத்தன் கரும்புள்ளி விழுந்த ஷீட்டைக் கொண்டுவந்து, எனக்கு இது முதல் தரமாத் தோணுதுன்னு சொன்னா?"

"தோணத வீட்டுல வச்சிட்டு வாரும்னு சொல்லுவேன். அது யாவாரம் ஓய்."

அவருடைய தத்துவம் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செல்லும்.

மாலையில் ஷைஜாவுக்கு இரணியலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் ஜெரிஷ். மஸ்கட்டில் பம்ப் பராமரிப்பு எஞ்சினியர். குடி இல்லை, கடன் இல்லை. கோபம் இல்லை என்று பக்கத்து வீட்டாரே சொல்கிறார்கள். போனில் பேசினேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னான். கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளைகளை நான் பணிக்காலத்தில் விரல்விட்டு எண்ணியிருக்கிறேன்.

ஷைஜாவும் அவனும் வீடியோவில் பேசிப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு.

18 ஜூன், புதன்

இரண்டு தடவை பேசிவிட்டு வந்து, "பிடிக்கல்லப்பா" என்றாள்.

"ஏன்?"

"தெரியல்ல. நல்ல மனுசன்தான். பேசிட்டு இருக்கும்போ நான் அங்க இல்லாத மாதிரி இருக்கு."

"நீ இங்கே, அவன் மஸ்கட்டில. நீ அங்கே இல்லைதான்."

சிரிக்கவில்லை. நல்ல நகைச்சுவை என்றுதான் நினைத்தேன்.

"அதட்டினானா?"

"இல்ல."

"வேலைய விடச் சொன்னானா?"

"அங்க வந்து லைசென்ஸ் எடுக்கலாம், உதவுறேன்னு தானாவே சொன்னாரு."

"அப்ப?"

"அப்ப ஒண்ணும் இல்லப்பா. தோணல்ல. அவ்வளவுதான்."

பொறுமையாகவே சொன்னேன். ஒரு உணர்வுக்குக் காரணம் இருக்கும். இருந்தால் அதைச் சொல்ல முடியும். சொல்ல முடியாத காரணம், இல்லாத காரணத்திலிருந்து எந்த வகையில் வேறுபடுகிறது? இல்லாத ஒன்றின்மேல் ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கலாமா? இரண்டு நாள் எடுத்துக்கொள். ஒரே ஒரு காரணம் கொண்டு வா. சொத்தைக் காரணமானாலும் பரவாயில்லை, நான் ஏற்றுக்கொள்கிறேன் என்றேன்.

நியாயமான சலுகை.

20 ஜூன், வெள்ளி

கொண்டு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, "செரிப்பா. எனக்கு சொல்லத் தெரியல்ல. அப்ப நீங்க சொல்லதுதான் செரியா இருக்கும்" என்றாள்.

என் பணிக்காலம் முழுவதும் இவ்வளவு சுத்தமாக ஒரு நிரூபணத்தை யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். நேசபாய் அயிலை மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே கேட்டாள்: "ஜெயிச்சாச்சா?"

"இதில் ஜெயம் தோல்வி இல்லை. காரண காரியம்தான்."

"அப்ப எதுக்கு மீசையத் தடவுதிய?"

கையை எடுத்துவிட்டேன். அவள் எனக்கு முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தாள். எப்படித் தெரிந்தது?

27 ஜூன், வெள்ளி

ஒரு வாரமாக எங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு நோயாளிகள் வருவதில்லை.

ஷைஜா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினம் ஒருவரை அழைத்து வருவாள். வரிசையில் நிற்கும்போதே எழுத்துகளை மனப்பாடம் செய்து, விளக்கு அணைந்த பலகையையும் பிழையில்லாமல் வாசித்த பெரியவர். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாதென்று கண்ணாடியை மடியில் ஒளித்து வைத்திருந்த பெண். குரல் முதல் நடை வரை அப்படியே செய்து காட்டுவாள். நேசபாய்க்குப் புரை ஏறும். நான் இடையில் சில சந்தேகங்கள் கேட்பேன்.

இன்று, "ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. நல்ல கூட்டம்."

13 ஜூலை, ஞாயிறு

ஜெரிஷ் விடுமுறையில் வந்துவிட்டான். பெற்றோரோடு வீட்டுக்கு வந்தான். கல்யாணம் ஆகஸ்ட் இருபத்தொன்று என்று முடிவாயிற்று.

சாயா குடிக்கும்போது அவன் அம்மா, "ஆஸ்பத்திரி எப்பிடி மோளே?" என்று கேட்டாள். ஷைஜா என்ன நினைத்தாளோ, ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவரை அழைத்து வந்தாள். கீரிப்பாறை எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு கிழவர். பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எழுத்தெல்லாம் தெளிவா இருக்கு மோளே, எதுக்கு எழுதி வச்சிருக்குன்னுதான் தெரியல்ல" என்றாராம். இழுத்து இழுத்து, கிழவரின் கையசைப்போடு சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள்.

ஜெரிஷும் சிரித்தான். பிறகு அக்கறையோடு கேட்டான்: "அவருக்கு என்ன பவர்?"

ஷைஜா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன். அதே கேள்வியைக் கேட்க நானும் வாயெடுத்திருந்தேன். அவன் முந்திக்கொண்டான்.

16 ஜூலை, புதன்

என் பழைய மாணவன் ரெஜின் மஸ்கட்டில் இருக்கிறான். கூப்பிட்டு ஜெரிஷைப் பற்றி விசாரித்தேன்.

"சார், தங்கமான பையன். சிகரெட்டுகூட கிடையாது."

"கொஞ்சம்கூடவா?"

"சத்தியமா சார்."

"கூட்டாளிகளோட சேர்ந்து... பண்டிகை நாள்ல... கொஞ்சம் பீராவது?"

"நீங்க சந்தோசப்படுவியன்னு நெனச்சேன் சார்" என்றான்.

ஒரு நல்ல பையன் குடிக்க வேண்டுமே என்று ஆசைப்பட்டிருக்கிறேன். அறுபத்திரண்டு வயதில். எனக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது, யாராவது எடுத்துத் தந்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

எதற்கு? எனக்கு அவனைப் பிடித்துத்தானே இருந்தது?

20 ஜூலை, ஞாயிறு

நேசபாய் ஆராதனை முடிந்து வந்து சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன்.

"ஜெரிஷிடம் என்ன குறை என்று உனக்குத் தோன்றுகிறது?"

"ஏனென்றால் சொல்லணுமா?"

"வேண்டாம்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். நிறுத்தியிருக்க வேண்டாம். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சிரமமாகிவிட்டது.

"ஒரு குறையும் இல்ல. அப்பிடியே உங்கள மாதிரி இருக்கான். எனக்கு பழகிப்போச்சு. அவளுக்கு எதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. மழை வருது, துணி எடுக்கணும் என்று சொல்வதுபோல் சொன்னாள். பிறகு சேலையை அலமாரியில் வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனாள்.

முப்பத்தொரு வருடம். அந்த வீடியோ பேச்சைப் பற்றி ஷைஜா சொன்னாளே, அங்கே இல்லாத மாதிரி என்று.

எழுத ஒன்றும் இல்லை.

24 ஜூலை, வியாழன்

ஷைஜாவிடம் போய், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்றேன்.

"எதுக்குப்பா? காரணம் கிடச்சிருக்கா?"

"உனக்குப் பிடிக்கவில்லை என்றாயே."

"அது காரணம் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது... இப்போது நான் வேறு மாதிரி யோசிக்கிறேன்."

"எந்தக் காரணத்தினால?"

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் உண்மையாகவே கேட்டாள். இருபத்தேழு வருடம் நான் சொல்லிக்கொடுத்தபடி, என் முகத்தைப் பார்த்து, பதிலுக்குக் காத்திருந்தாள். குணம் ஒத்துப்போகாது என்றேன். "அதுக்கு என்ன சான்று?" பிறகு வருத்தப்படுவாய் என்றேன். "வருங்காலத்தப் பத்தி தோணதுதானே அது?" ஒவ்வொன்றையும் நான் போட்ட வழியிலேயே வெட்டினாள். அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

கடைசியில், "அவங்க வீட்டுல பந்தல்காரன வர சொல்லியாச்சு. ஒண்ணுமே இல்லாம எப்பிடிப்பா வேண்டாம்னு சொல்லது? அந்த மனுசன் என்ன தப்பு செஞ்சாரு?" என்று சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

தலைவலி. இருப்பதுபோல் அல்ல. இருக்கிறது.

27 ஜூலை, ஞாயிறு

சபையில் முதல் ஓலை வாசித்தார்களாம். கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு மணமக்கள் பெயரை வாசித்து, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பது எங்கள் சபை வழக்கம். யாரும் எதுவும் சொல்வதில்லை. என் கல்யாண ஓலையின்போது வெளியே ஒரு ஆடு கத்தியது என்று நேசபாய் சொல்வாள்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

இரண்டாவது ஓலை.

10 ஆகஸ்ட், ஞாயிறு

சபைக் கோவிலுக்குப் போனேன்.

வாசலிலேயே பலர் வணங்கினார்கள். மகள் கல்யாணம் வந்ததும் சாரும் வழிக்கு வந்துவிட்டார் என்ற சந்தோஷம் அவர்களுக்கு. ஆண்கள் பக்கம் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்தேன். போதகர் பிபின் என் மாணவன். அவன் ப்ளஸ் டூ கணக்கில் தேறியது ஒன்றுதான் நான் நேரில் கண்ட அற்புதம்.

அறிவிப்புகள் முடிந்து ஓலைக்கு வந்தான். பெயர்களை வாசித்தான். மூன்றாம் முறையாக வாசிக்கப்படுகிறது, தடை ஏதேனும் அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கவும் என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி ஒரு மூச்சு விட்டு, தாளைத் திருப்பப் போனான்.

எழுந்தேன். ஒரு வாதத்தோடு எழ வேண்டும் என்று இரவெல்லாம் தேடியிருந்தேன். கிடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினேன். முகங்கள் கலங்கிப் போனதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

"தடை இருக்கிறது."

ஆர்மோனியத்தில் யாருடைய கையோ பட்டு ஒரு சத்தம் வந்தது.

"சார்..." என்றான் பிபின். மைக்கை மூட மறந்துவிட்டான். "காரணம்?"

"காரணம் இல்லை."

பின்னாலிருந்து ஒரு குரல்: "சாருக்கு பிரஷரா இருக்கும், பிடிச்சு உக்கார வைங்கடே."

"பிரஷர் இல்லை. பெண்ணுக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு நான்தான் அவளை ஜெயித்தேன். அது... அதை ஜெயித்திருக்கக் கூடாது."

"காரணம் இல்லாம தடை எழுதக் கழியாதே சார்."

"தெரியும். உனக்கு அப்படிச் சொல்லித்தந்தது நான்தான்."

இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. உட்காரவும் தெரியவில்லை. அத்தனை பேர் நடுவில், கையில் கண்ணாடியோடு, நிரூபணம் இல்லாமல் நின்றேன். பெண்கள் பக்கம் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது.

ஆராதனை முடிந்ததும் பிபின் எங்கள் மூவரையும் உள்ளறைக்கு அழைத்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஷைஜாவிடம், "மக்ளே, நீ என்ன சொல்லுக?" என்று கேட்டான்.

அவள் வெகுநேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு, "எனக்கு பிடிக்கல்ல பாஸ்டர்" என்றாள்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை.

11 ஆகஸ்ட், திங்கள்

வெளியே போகவில்லை. பால்காரர்கூட இன்று பாலைப் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

ஜெரிஷ் கூப்பிட்டான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்த வேண்டும் என்று விரும்பினேன்.

"அங்கிள், நான் என்ன செஞ்சேன்னு சொல்லுங்க. ஒண்ணு சொல்லுங்க, திருத்திக்கிடுறேன்."

"நீ ஒன்றும் செய்யவில்லை மக்கா."

"அப்ப ஏன்?"

இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் கேட்கும் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். இந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவன் காத்திருந்தான். அவன் மூச்சு விடுவது கேட்டது. கடைசியில், "அம்மா ரெண்டு நாளா சாப்பிடல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

அன்றைக்கே, ஜூன் பதினெட்டிலேயே, 'சரி மக்ளே' என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் இந்தப் பையனுக்கு ஒரு போன்காலோடு போயிருக்கும். பந்தலும் ஓலையும் வந்தபிறகு, இரண்டு சபை அறிய அவனை நிறுத்திவிட்டேன்.

15 ஆகஸ்ட், வெள்ளி

ஷைஜா ஐந்து நாளுக்குப் பிறகு பேசினாள்.

"கல்யாணம் நின்னதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அங்கயும் எனக்கு பதிலா நீங்கதான் எழும்பிப் பேசினீங்க. என்கிட்ட கேட்டியளா?"

"கேட்டேனே. இருபத்து நாலாம் தேதி..."

"வாதம் பண்ணுனீங்க."

சரி.

17 ஆகஸ்ட், ஞாயிறு

குமாரதாஸ் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நோய் விசாரிக்க வந்தவர் மாதிரி முதலில் உட்கார்ந்திருந்துவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தார்.

"ஓய், அப்ப நீரும் நம்ம கட்சி. அவரவர் உண்மை அவரவருக்கு."

"இரணியல்ல ஒரு அம்மா சாப்பிடாமல் இருக்கிறாள். அது அவளுடைய உண்மை, எனக்கு ஒன்றுமில்லை என்று இருக்கட்டுமா?"

குமாரதாஸ் பழத்தை உரித்து எனக்குப் பாதி தந்தார். இருவரும் எந்தக் கட்சியிலும் இல்லாமல் தின்றோம். பிறகு அவரோடு பஸ் ஏறி இரணியல் போனேன். அவர் தெருமுனையில் நின்றார். ஜெரிஷின் அம்மா கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். காரணம் எதுவும் சேர்க்காமல் கேட்டேன். அவள் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சரியாகத்தான் செய்தாள்.

30 ஆகஸ்ட், சனி

மார்த்தாண்டம் போய் டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். ஷைஜா என் பெயரை மற்றவர்களைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டாள். பலூனைப் பார்த்தேன். சட்டத்தை மாட்டினாள்.

"இதா, இதா?"

"இரண்டாவது. ஏனென்றால்..."

"அடுத்தது பாருங்க. இதா, இதா?"

"முதலாவது."

"இதா, இதா?"

"தெரியவில்லை."

"தெரியல்லன்னாலும் சொல்லலாம். ஒண்ணுமில்ல."

இரவு அயிலைக் குழம்பு. ஷைஜா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னாள்: "இன்னைக்கு ஒரு ஆள் வந்தாரும்மா. ரிட்டையர்டு வாத்தியார். மெஷின் சொன்ன கண்ணாடிய ரெண்டரை மாசம் போட்டிருக்காரு. தரை சரிஞ்சு தெரிஞ்சா, ரசமட்டம் வச்சு தரையப் பாத்தாராம்." குனிந்து, ஒரு கண்ணை மூடி, ரசமட்டம் பார்ப்பதைச் செய்து காட்டினாள். என்னைப் போலவே மூக்கை உறிஞ்சினாள்.

நேசபாய்க்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்துவிட்டு, முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டாள்: "அவருக்கு என்ன பவர்?"

வலது கண்ணில் மெஷின் சொன்னதைவிட அரை குறைவு. இடது கண்ணில் கோணம் பத்து டிகிரி தள்ளி. புதுக் கண்ணாடி புதன்கிழமை கிடைக்கும்.